மூன்று நாள் மேடம்

கட்டில், சோபா, அலமாரி என்று மூன்று மாடிக்கு விரிந்துகிடந்த அந்தக் கடையில் இரண்டாம் மாடி மெத்தைப் பிரிவு அவளுடையது. அதனால் கடையில் அவளுக்கு மெத்தைக்காரி என்றே பேர் நிலைத்துவிட்டது. வருகிறவரைச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்க்கச் சொல்வாள். கால் மணி நேரம் வாயே திறக்க மாட்டாள். எழுந்து உட்கார்ந்ததும், "இடது பக்கம்தான் வலி இருக்கு, இல்லையா?" என்று கேட்பாள். எழுந்திருக்கும்போது எந்தக் கையை ஊன்றுகிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது. வந்தவர் அசந்துபோய் அந்த மெத்தையையே எடுத்துக்கொண்டு போவார்.

பொய் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. தேங்காய் நார் என்றால் நார், பஞ்சு என்றால் பஞ்சு. ஆனால் எதிரில் இருப்பவர் எதையாவது தப்பாக நினைத்துக்கொண்டு, அந்தத் தப்பு தனக்கும் தோதாக இருந்துவிட்டால், அதைத் திருத்தவும் மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் சாப்பாட்டு அறையில் ஒவ்வொருவரும் தங்கள் குடும்பக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சோபாப் பிரிவில் இருந்த மனிதர், எல்லாருக்கும் சோபாக்காரர், அவளிடம் கேட்டார்.

"உங்க அக்கா என்ன பண்றாங்க?"

"ஸ்கூல்ல இருக்காங்க."

"டீச்சரா? எந்த கிளாசுக்கு?"

"சின்னப் பிள்ளைங்களுக்கு" என்றாள் அவள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அக்கா அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆயா. சின்னப் பிள்ளைகளை வேனிலிருந்து இறக்குவது, மூக்கைத் துடைப்பது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, சாயங்காலம் வகுப்புகளைக் கூட்டிக் கழுவிவிட்டுப் பூட்டுவது எல்லாம் அவள் வேலை. ஆறு வருஷமாகக் கடையைப் பொறுத்தவரை அக்கா டீச்சராகவே இருந்தாள்.

அந்த வருஷம் அதிகம் விற்ற ஆறு பேரைக் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பியது. ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய நகரம். நாலு நாள் சுற்றிப் பார்க்கலாம், சாப்பிடலாம், கடைகளுக்குப் போகலாம். கூட ஒருவரை அழைத்து வரலாம். சின்னப் பிள்ளை இருந்தால் அதன் செலவும் கம்பெனியுடையதே. மெத்தைக்காரி கணவனையும் மூன்றரை வயது மகள் குட்டியையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தாள். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது கணவன் மாடிப்படியில் சறுக்கி விழுந்து, கால் முட்டிவரை கட்டுப் போட்டுக்கொண்டு வந்து படுத்துவிட்டான்.

குடும்பத்தில் பாஸ்போர்ட் வைத்திருந்த இன்னொரு ஆள் அக்கா ஒருத்திதான். அதற்கும் ஒரு கதை உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அம்மாவும் போய்ச் சேர்ந்தபிறகு, தங்கச்சியைப் படிக்கவைக்க வெளிநாட்டில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போவதாக அக்கா பாஸ்போர்ட் எடுத்தாள். தங்கச்சி அழுது புரண்டு ஆர்ப்பாட்டம் செய்ததில் போகாமல் நின்றுவிட்டாள். அந்தப் புத்தகத்தில் ஒரு முத்திரைகூட விழாமல் அலமாரியில் கிடந்தது.

"வாக்கா, நீயே வா" என்று தங்கச்சி கூப்பிட்டதும் அக்காவுக்கு வாயெல்லாம் பல். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, புதுச் செருப்பு ஒன்று வாங்கிக்கொண்டு, தன் வழக்கமான துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். பையில் ஊசி, நூல், ஊக்கு, பெப்பர்மின்ட், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி, துடைக்கிற காகிதம் என்று ஒரு சின்னக் கடையே இருந்தது.

அந்த ஊர் விமான நிலையத்தில் இறங்கியதும் இவர்களுக்கென்று ஒரு பஸ் காத்திருந்தது. மஞ்சள் கொடி ஒன்றைக் கையில் பிடித்த வழிகாட்டிப் பெண் எல்லாரையும் ஏற்றினாள். இடுப்பில் குட்டி, இரண்டு கையிலும் இரண்டு பெட்டி என்று அக்கா கடைசியாக ஏறினாள். முன் சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு, கூட வந்திருந்த கடை மேனேஜரின் வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெத்தைக்காரியின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளையப் பாத்துக்க ஆளையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா? நல்ல காரியம் பண்ணீங்க. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க."

திருத்துவதற்கு நாலு வார்த்தை போதும். ஆனால் சரியாக அடுத்த சீட்டில் சோபாக்காரர் மனைவியோடு உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்று சொன்னால், அவர் வாயிலிருந்து அடுத்து வருவது 'டீச்சர் அக்காவா?' என்பதுதான். அதற்குப் பிறகு அக்காவே வாயைத் திறந்து தன் வேலையைச் சொல்லிவிடுவாள். ஆறு வருஷக் கணக்கும் மூன்று நொடியில் மெத்தைக்காரியின் மனதில் ஓடியது.

"ஆமா, குட்டி ரொம்பப் படுத்துவா" என்றாள்.

அக்கா குனிந்து குட்டியின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். வார் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. ஆனாலும் அதைப் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள்.

"பெரியம்மா, தண்ணி" என்றாள் குட்டி.

மெத்தைக்காரிக்கு உயிர் போய் வந்தது. ஆனால் மேனேஜர் வீட்டம்மா முகம் மலர்ந்து, "பெரியம்மான்னு கூப்பிடப் பழக்கியிருக்கீங்களே! இதுதான் வளர்ப்புங்கறது" என்று பாராட்டினார். பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அந்தப் பாராட்டையும் அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஓட்டல் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும், "அக்கா, அந்தம்மா ஏதோ தப்பா..." என்று ஆரம்பித்தாள். அக்கா குளியலறையில் குழாயைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடுதண்ணி உடனே வருதுடி! இங்க பாரேன்."

"அக்கா..."

"விடுடி. உன் கடை ஆளுங்க, உன் பொழப்பு. நாலு நாள்ல என் தலையில இருந்து கிரீடமா எறங்கிடப்போகுது? எனக்கு ஊர் பாக்கணும், பாத்துட்டு வரேன்."

அதைக் கேட்டதும் மெத்தைக்காரிக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே, அப்பாடா என்று தோன்றியதற்காகத் தன்னையே நினைத்துக் கூசியது.

சாயங்காலம் எல்லாரும் கீழே கூடியபோது அக்கா குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நாலடி பின்னால் நின்று, "மேடம், குட்டிக்குத் தொப்பி எடுத்துக்கவா?" என்றாள்.

கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. அக்கா கிண்டல் செய்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. எடுத்துக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்கிற முகம். அது கிண்டலைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் ஊர் சுற்றினார்கள். தெருவெல்லாம் ஸ்கூட்டர்கள் மீன் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று உரசாமல் ஓடின. நடைபாதையில் பெரிய பெரிய பாத்திரங்களில் குழம்பு கொதித்து, ஆவி மேலே போய் மின்கம்பிகளில் மோதியது. குச்சியில் செருகி வாட்டிய மீன், கண்ணாடி டம்ளரில் வெட்டிப் போட்ட பழங்கள், உள்ளே வெள்ளைச் சதையில் கறுப்புப் புள்ளி வைத்த ஒரு பழம். அக்கா எதையும் விடவில்லை. முகர்ந்து பார்த்தாள், விரலால் காட்டிக் கேட்டாள், வாங்கிக் கடித்தாள். பழைய அரண்மனையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும், பள்ளிக்கூடப் பழக்கத்தில் தங்கள் ஆட்களை எண்ணிக்கொண்டே வந்தாள். ஆறு பேர், கூட வந்தவர்கள் ஆறு, மேனேஜரும் வீட்டம்மாவும், குட்டி, மொத்தம் பதினைந்து. பதினாலுதான் வந்தது. சோபாக்காரர் ஒரு கற்சிலை பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார். அக்கா ஓடிப்போய் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்ததில் எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் கொடிக்காரப் பெண் ஒவ்வொரு இடத்திலும் அக்காவைப் பார்த்து விரலை உயர்த்துவாள். அக்கா பத்து விரலை ஒருதரமும் ஐந்தை ஒருதரமும் விரித்துக் காட்டுவாள். பஸ் கிளம்பும்.

மத்தியானம் ஓட்டலில் பெரிய வட்ட மேசைகள் இரண்டு போட்டிருந்தார்கள். மேசைக்கு ஏழு நாற்காலி. குட்டியை மடியில் வைத்துக்கொண்டால் பதினாலு பேருக்கும் சரியாக இடம் இருந்தது. ஆனால் ஒரு நாற்காலியில் மேனேஜர் வீட்டம்மா கைப்பையை வைத்துக்கொண்டு, "அவங்க அங்க ஃப்ரீயா உக்காரட்டுமே" என்று சமையல்கட்டுக் கதவோரம் இருந்த சின்ன மேசையைக் காட்டினார். அங்கே கொடிக்காரப் பெண்ணும் பஸ் டிரைவரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மறுபேச்சுப் பேசாமல் போனாள். கொஞ்ச நேரத்தில் அந்த மேசையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பாஷை தெரியாத மூன்று பேர் நூடுல்சை எப்படி உறிஞ்சுவது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டி மடியிலிருந்து நழுவி அங்கே ஓடிவிட்டாள்.

மெத்தைக்காரியின் தட்டில் இறால் மலைபோல் இருந்தது. வாயில் வைத்தால் அட்டையை மெல்வதுபோல் இருந்தது. பக்கத்து நாற்காலியில் அந்தக் கைப்பை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

அன்று மாலை ஐந்து மாடிச் சந்தை. ஒரு மாடி முழுக்கத் துணி, ஒரு மாடி முழுக்கச் செருப்பு, ஒரு மாடியில் பொம்மையும் மணிமாலையும். அங்கே அக்கா பேரம் பேசுகிற அழகைப் பார்த்து மேனேஜர் வீட்டம்மா மயங்கிப்போனார். கடைக்காரி கால்குலேட்டரில் ஒரு எண்ணை அடித்துக் காட்டுவாள். அக்கா நெஞ்சில் கைவைத்து மயக்கம் வந்ததுபோல் தூணில் சாய்வாள். கடைக்காரி சிரித்துவிட்டு வேறு எண் அடிப்பாள். அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பாள்.

"இவங்கள எனக்கு ஒரு மணி நேரம் கடனா குடுங்களேன்" என்றார் மேனேஜர் வீட்டம்மா.

குடுங்களேன். பாத்திரம் பண்டம் கேட்பதுபோல் கேட்டார். மெத்தைக்காரி அக்காவைப் பார்த்தாள். அக்கா, "போயிட்டு வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது. மெத்தைக்காரி குட்டிக்கு ஒரு குடை வாங்கிவிட்டு மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்தாள். முன்னால் மேனேஜர் வீட்டம்மா வீசி வீசி நடந்தார். பின்னால் அக்கா, இரண்டு கையிலும் தோளிலும் பத்துப் பன்னிரண்டு பைகளோடு. புதுச் செருப்பு கடித்திருக்க வேண்டும், ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தாள். துணிப்பையில் பிளாஸ்திரி இருந்தது. அதை எடுத்து ஒட்டிக்கொள்ளக் கை ஒழியவில்லை.

இறங்கி ஓடிப்போய்ப் பைகளை வாங்கிக்கொண்டிருக்கலாம். படிக்கட்டு வரைக்கும் போகவும் போனாள். சோபாக்காரர் எதிரே வந்து, "என்ன வாங்கினீங்க?" என்று கேட்டார். குடையை விரித்துக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

மூன்றாம் நாள் ஆற்றில் படகுச் சவாரி. இரண்டு கரையிலும் கோபுரம் கோபுரமாகக் கட்டிடங்கள், அவற்றின் காலடியில் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற மரவீடுகள். காற்று நன்றாக இருந்தது. எல்லாரும் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குட்டிக்குப் படகுகளை எண்ணக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார் மேனேஜர் வீட்டம்மா. எல்லாருக்கும் கேட்கிற குரல். "உங்க பொண்ணுதான் அடுத்த வருஷம் ஸ்கூலுக்குப் போயிடுவாளே. இவங்கள எனக்கு விட்டுக் குடுத்துடுங்க. நீங்க குடுக்கறதவிடக் கூடவே குடுக்கறேன்." பிறகு பின்பக்கம் திரும்பி, "என்னம்மா, நம்ம வீட்டுக்கு வந்துடறியா?" என்றார்.

அக்கா சிரித்துக்கொண்டே, "மேடம் சொன்னா வரேம்மா" என்றாள்.

எல்லாரும் மெத்தைக்காரியைப் பார்த்தார்கள்.

"அவங்க எங்க அக்கா" என்றாள். படகு மோட்டார் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. எழுந்து நின்று கத்தினாள். "கூடப் பொறந்த அக்கா! வேலைக்காரி இல்ல!"

சோபாக்காரர்தான், பாவம், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் கேட்டார்.

"டீச்சரா இருக்காங்கன்னு சொன்னீங்களே, அந்த அக்காவா?"

"டீச்சர் இல்ல. நான் டீச்சர்னு சொல்லவே இல்ல. ஆயா. கூட்டிப் பெருக்கறாங்க, பாத்ரூம் கழுவறாங்க. போதுமா?" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அழுகைக்கு நடுவே ஒருதரம் விரல் இடுக்கு வழியாக அக்காவைப் பார்த்தாள். ஓடி வந்து அணைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. மூன்று நாளாக மாறாத அக்காவின் முகம் அப்போது மாறியிருந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு, புண்பட்ட காலைத் தாங்கித் தாங்கிக் கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போனாள்.

மேனேஜர் வீட்டம்மாவின் முகம் சிவந்துபோயிருந்தது. "முதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? என்னை இப்படிச் சங்கடத்துல மாட்டிவிட்டீங்களே" என்று மெத்தைக்காரியிடம் வருத்தப்பட்டார். அக்காவிடம் போய் அவர் எதுவும் சொல்லவில்லை.

அறைக்கு வந்தபிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடி?"

"எத்தன நாள்க்கா அப்படியே விடறது? என்னால தாங்க முடியல. அதான் உண்மையச் சொல்லிட்டேன்."

"உண்மையா? மூணு நாள் மேடம் மேடம்னு கூப்பிட்டேனே, அதுல எனக்கு ஒண்ணும் கொறஞ்சுபோகல. நீ 'ஆமா'ன்னு தலையாட்டினப்பக்கூட, சரி, பயந்துட்டா, சின்னப் பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா இன்னைக்கு எப்படிச் சொன்ன? 'பாத்ரூம் கழுவறாங்க, போதுமா'ன்னு. திருடி மாட்டிக்கிட்டவ ஒத்துக்கற மாதிரி. நான் செய்யற வேல உனக்கு அப்படியாடி இருக்கு?"

மெத்தைக்காரிக்கு அப்படித்தான் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடச் சம்பளத்தில்தான் அவள் படித்தாள், அந்தச் சம்பளத்தில்தான் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. ஆனாலும் யாராவது கேட்டால் வாயில் வராத வார்த்தையாகவே அது இருந்தது. சொல்லிவிட்டு அழுதபோதும் தனக்காகத்தான் அழுதாள், அக்காவுக்காக இல்லை. அது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கால் கொப்புளத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒட்டிவிடட்டாக்கா?"

"ஒட்டியாச்சு."

நாலாம் நாள் எல்லாரும் அக்காவிடம் மரியாதையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். "நீங்க உக்காருங்க." "நீங்க எதுக்கு அதையெல்லாம் தூக்கறீங்க." காலைச் சாப்பாட்டில் பெரிய மேசையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவளிடம் என்ன பேசுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சமையல்கட்டோரம் இருந்த சின்ன மேசையைப் பார்த்தாள். பஸ்ஸில் கொடிக்காரப் பெண் வழக்கம்போல் விரலை உயர்த்தினாள். மேனேஜர் வீட்டம்மா, "அவங்களத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று அவளைத் தடுத்து, தானே எழுந்து எண்ணினார். இரண்டு தரம் எண்ணியும் கணக்குத் தப்பியது. அக்கா எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியே ஸ்கூட்டர்களைப் பார்த்தபடி, "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்றாள், யாரிடமும் சொல்லாத மாதிரி.

ஊர் திரும்பியபிறகு கடையில் நாலு நாள் அதே பேச்சாக இருந்தது, பிறகு ஓய்ந்துபோனது. மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. சோபாக்காரர் மட்டும் சாப்பாட்டு அறையில் அவளைப் பார்த்தால் குடும்ப விஷயம் எதையும் கேட்காமல், வெயிலைப் பற்றியே பேசினார். வாடிக்கையாளர் யாராவது அவளை மேனேஜர் என்று நினைத்துப் பேசினால், "நான் மேனேஜர் இல்லைங்க" என்று பதறிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். சில பேர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

தினம் சாயங்காலம் போன் செய்கிற அக்கா பதினோரு நாள் போன் செய்யவில்லை. இவளும் செய்யவில்லை. என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துப் பார்த்து, முதல் வாக்கியத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. குட்டியைக் கணவனிடம் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அக்காவின் பள்ளிக்கூடத்து இன்னொரு ஆயாவும் வாட்ச்மேன் பெண்சாதியும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பயணக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தூணில் மயங்கிச் சாய்ந்ததை எழுந்து நின்று நடித்தே காட்டினாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"உன் தங்கச்சி கடைக்காரங்க எல்லாம் பெரிய ஆளுங்களாச்சே, உன்னைச் சேத்துக்கிட்டாங்களா?" என்று வாட்ச்மேன் பெண்சாதி கேட்டாள்.

"என் தங்கச்சி விட்டுடுவாளா? எங்க அக்கா, எங்க அக்கான்னு எல்லாருக்கும் காட்டிக்கிட்டே வந்தா. ஒரு பையத் தூக்கவிடல என்னைய. சாப்பிடறப்ப நடு நாற்காலி எனக்குத்தான்" என்றாள் அக்கா.

சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தவள் வாசலில் தங்கச்சி நிற்பதைப் பார்த்தாள். ஒரு நொடி அக்காவும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அட, இதோ வந்துட்டாளே! வா, வா, ஆயுசு நூறு உனக்கு" என்று இரண்டு பெண்களும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "உன்ன மாதிரி ஒரு தங்கச்சி யாருக்கும்மா கிடைக்கும்?" என்றாள்.

"இல்லைங்க, அது வந்து..." என்று மெத்தைக்காரி வாயெடுத்தாள்.

அக்கா டீப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, "சக்கரை போடவா, வேணாமாடி?" என்று குறுக்கே கேட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது. பார்வை மட்டும், பேசாதே என்றது.

"போடுக்கா" என்றாள்.

டீ வந்தது. அந்த இரண்டு பெண்களும் அவளைப் புகழ்ந்து தீரவில்லை. அவள் குனிந்த தலை நிமிராமல், அந்த ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டு, டம்ளர் காலியாகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.